விழுந்த மோட்டார் தானாக எழுந்து நின்ற விவரம்

தோட்டத்து லைன் வீடு,
கம்போங் ராஜா வழி,
கேமரன் மலை.
வியாழக்கிழமை, இரவு பதினொன்றுக்கு மேல்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணன் மகேன் அவர்களுக்கு,

தங்கை அன்பரசி கம்பளிக்குள் உட்கார்ந்து, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு எழுதும் கடிதம். இங்கே அப்பா நலம். நான் நலம். அம்மா ஈப்போவில் குமுதா அக்காவோடும் அக்காவின் புதுப் பிள்ளையோடும் நலம். கூரைத் தகரம்கூட நலம், இந்த மழைக்கும் ஒழுகவில்லை. ஒருவர் மட்டும் நலமாக இல்லை. அவர் யார் என்பது அடுத்த பக்கத்தில் வரும். அதுவரை தாங்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். அதற்குப் பிறகும் கோபப்படாமல் படித்தால் இன்னும் நல்லது.

கடிதத்தில் பெரியவர்களை 'தாங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உன்னை அப்படி எழுதினால் யாரோ மேனேஜருக்கு லீவு கேட்டு எழுதுவது போல இருக்கிறது. அதனால் இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது டார்ச்சின் தவறு. சில இடங்களில் மை கலைந்திருக்கும். அது மழை. கம்பளிக்குள் எப்படி மழை வந்தது என்று கேட்காதே.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் நான் எடுத்த புள்ளியை அப்பா பார்த்த நாளிலிருந்து என் போன் அவருடைய இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. அப்பாவின் போனிலிருந்து கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. நீயோ மீரியில் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் இருக்கிறாய், அங்கே லைன் கிடைக்காது என்று அம்மா சொன்னாள். நீ போகும்போது கொடுத்த கம்பெனி விலாசம் மட்டும் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போன அன்று என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஆனால் நீ வாசலைத் தாண்டிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா உன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஐந்நூறு சிசி, ரெண்டு சிலிண்டர், முன்னால் பெரிய சக்கரம், பக்கத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி, காற்றுத் தடுக்கும் கண்ணாடி, கல்லிலும் சேற்றிலும் போகிற டயர் என்று நீ ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிய அதே மோட்டார்தான். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "தேயிலை எடுக்கிற எடத்துக்கு இந்த யானை எதுக்குலா? தோட்டத்து லோரியில என்கூட வாடான்னா, இவனுக்கு மலை மலையா ஏறணுமாம். இந்த மோட்டார நான் தொட்டா என் கை அழுகிப் போகட்டும்!" நவமணி அக்கா வீடு வரைக்கும் கேட்டது. எதிர் வீடுதானே, கேட்காமல் என்ன. அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அதனால் அப்பா அதைத் தொடமாட்டார். தொடவும் இல்லை. இதை முதலில் நினைவில் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும்.

நீ எழுதிக் கொடுத்த தாளை நான் கணக்குப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை இஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓட விடு, கியர் போடாதே. செயினைத் துடைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்பக்கம் எண்ணெய் அடி. காற்று முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் முப்பத்தாறு. கூலன்ட் தண்ணீர் ரெண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே. பிரேக் எண்ணெய் நிறம் மாறினால் எனக்குச் சொல். மழைக்கு முன்னால் உறை போட்டுக் கட்டு. கடைசி வரி: எந்தக் காரணத்துக்காகவும் மேலே ஏறி உட்காராதே. இதன் அடியில் மட்டும் ரெண்டு கோடு போட்டிருக்கிறாய்.

அண்ணா, மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். சத்தியமாக.

எனக்கு மத்தியான ஸ்கூல் என்பது ஒரு வசதி. அப்பா விடியுமுன்னே கொழுந்து லோரிக்குப் போய்விட்டு ரெண்டரைக்கு வருகிறார். எனக்கு வேன் பன்னிரண்டேகாலுக்கு வரும், நான் திரும்பும்போது ஏழு. ஆக காலையில் வீடு எனக்கு, மத்தியானம் வீடு அப்பாவுக்கு. அம்மா ஈப்போவுக்குப் போன பிறகு, அப்பா வீட்டுக்கு வந்து போகிறார் என்பதற்கு அடையாளம் தொட்டியில் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. நான் இருக்கிறேன் என்பதற்கு அடையாளம் அவருக்காக மூடி வைத்த சோறு. ராத்திரி ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவர் டிவியைப் பார்ப்பார். நான் அவர் டிவி பார்ப்பதைப் பார்ப்பேன்.

அதனால் செவ்வாய்க்கிழமை காலை என்றால் எனக்குக் கொஞ்சம் திருவிழா மாதிரி. உறையைக் கழற்றிச் சாவியைப் போட்டதும் ஸ்கிரீனில் எல்லாம் வரும். வெளியே வெப்பம் பதினாறு பாகை, பெட்ரோல் கோடு, ஓடிய கிலோமீட்டர். கடைசியில் புளூடூத் படம் சுற்றிக்கொண்டு, 'மகேன் போன்' தேடப்படுகிறது என்று வரும். பத்து வினாடி தேடும். பிறகு இல்லை என்று சொல்லிவிட்டு அணைந்துவிடும். ஒவ்வொரு செவ்வாயும் தேடுகிறது. அதற்கு யாரும் நீ மீரிக்குப் போய்விட்டாய் என்று சொல்லவில்லை போல. நானும் சொல்லவில்லை.

முதல் நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் இஞ்சின் கிளம்பவில்லை. பொத்தானை அமுக்கினால் டிக் என்றுகூட இல்லை. பேட்டரி செத்துவிட்டது, நான்தான் கொன்றுவிட்டேன் என்று மோட்டார் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்து அழுதேன். முக்கால் மணி நேரம் அழுத பிறகு பார்த்தால், வலது கைப்பக்கம் அந்தச் சிவப்பு சுவிட்சு நிறுத்தத்தில் இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. சரி, காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். சுவிட்சு காற்றில் விழுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்து காற்று. பின்சக்கரத்துக்கு நான் அளந்து முப்பத்தாறு வைப்பேன். அடுத்த வாரம் முப்பத்திரண்டு இருக்கும். மறுபடி பழைய சைக்கிள் பம்பை மிதித்து, நாக்கு வெளியே வந்து, முப்பத்தாறு வைப்பேன். அடுத்த வாரம் மறுபடி முப்பத்திரண்டு. பஞ்சர் என்று நினைத்து ஒரு வாளி சோப்புத் தண்ணீரை டயர் முழுக்கப் பூசி, எங்கே குமிழி வருகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தேன். நவமணி அக்கா வாசலில் நின்று, "என்ன அன்பு, மாப்பிள்ளைக்கு நலுங்கா?" என்றாள். குமிழி வரவில்லை. அக்காவின் சிரிப்புதான் வந்தது.

பிறகு செயின். நான் அளவாகத்தான் அடித்தேன். ஆனால் அடுத்த வாரம் பார்க்கும்போது அது பலகாரச் சட்டி மாதிரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. செம்மண் எல்லாம் அதில் ஒட்டி, பின்சக்கரத்தின் கம்பியெல்லாம் கறுப்புப் புள்ளி. துடைத்துத் துடைத்து உன் பழைய பனியன் ரெண்டு போய்விட்டது. அதற்கும் மன்னிப்பு.

பெட்ரோல்தான் என்னைப் பயமுறுத்தியது. நீ போகும்போது நாலு கோடு இருந்தது, ஓட விட்டு ஓட விட்டு ரெண்டு கோட்டுக்கு இறங்கியது. திடீரென்று ஒரு செவ்வாய் ஆறு கோடு. குறைந்தால் திருடன் என்று சொல்லலாம். கூடினால் அதற்கு என்ன பெயர்?

அதோடு, ஓடிய கிலோமீட்டர். நீ போன அன்று என்னை எழுதி வைக்கச் சொன்னாய், ஐயாயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு. நாலு மாதம் அப்படியே இருந்த எண் இந்த மூன்று வாரத்தில் நகர்ந்து நகர்ந்து ஆறாயிரத்துப் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. ஆறாயிரம் தாண்டியதும் ஸ்கிரீனில் ஒரு மஞ்சள் ஸ்பேனர் படம் வந்து உட்கார்ந்துகொண்டது, சர்வீஸ் செய் என்று. நான் கணக்கில் மோசம் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கழித்துப் பார்த்தேன், இருநூற்று எழுபது. நம் வீட்டிலிருந்து கம்போங் ராஜா போய்வரப் பதினெட்டு. வகுத்தால் சரியாகப் பதினைந்து, மீதி இல்லை. என் வாழ்க்கையில் மீதியில்லாமல் வந்த முதல் கணக்கு அண்ணா, அதைப் பார்த்து எனக்கு ஜுரமே வந்துவிட்டது. யாரோ உன் மோட்டாரைப் பதினைந்து தடவை எடுத்துப் போய், பெட்ரோல் நிரப்பி, திரும்ப வைத்து, உறையும் போட்டிருக்கிறார்கள்.

நவமணி அக்காவிடம் நைசாகக் கேட்டேன். "அக்கா, நான் ஸ்கூலுக்குப் போன பெறகு எங்க வீட்டுப் பக்கம் யாராச்சும் வர்றாங்களா?"

"யாரு வரப் போறா?"

"மோட்டார் சத்தம் கித்தம்?"

"அது காலையிலயும் கேக்குது, மத்தியானமும் கேக்குது. உங்க வீட்டு மோட்டாருக்கு ரெண்டு ஷிப்டு போல" என்று சொல்லிவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் மத்தியான ஸ்கூலைத்தான் கேலி செய்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது நலமில்லாதவர் யார் என்று சொல்ல வேண்டிய இடம். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொள்.

கடைசி வரியை, அந்த ரெண்டு கோடு போட்ட வரியை, நான் மீறிவிட்டேன். இந்த வாரம் மட்டும் இல்லை. ஒவ்வொரு செவ்வாயும். இஞ்சின் ஓடுகிற பதினைந்து நிமிடமும் மேலேதான் உட்கார்ந்திருப்பேன். நீ அதை நடு ஸ்டாண்டில், ரெண்டு காலும் ஊன்றி, கல்லுப் போல நிறுத்திவிட்டுப் போனாய், அசையாது. கால் வைக்கும் கம்பியில் எழுந்து நின்றால் தேயிலைக்கு மேலே கோலா தெர்லா ரோடு தெரியும். காய்கறி லோரி எல்லாம் சின்னதாகப் போகும். கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தால் அந்த வளைவும் தெரியும், நீ பஸ்ஸில் போனபோது கையை வெளியே நீட்டி ஆட்டினாயே, அந்த வளைவு. அவ்வளவுதான். வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

இந்தச் செவ்வாய் உறையைக் கழற்றியபோது பிரேக் பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நீ சுற்றியதாக இருக்கும், நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வழக்கம் போல ஏறினேன், நின்றேன், வலது பக்கம் சாய்ந்தேன். மோட்டாரும் என்னோடு சாய்ந்தது. அது நடு ஸ்டாண்டில் இல்லை அண்ணா! ஒற்றைக் காலில், பக்க ஸ்டாண்டில், இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. அது எப்படி ஸ்டாண்டு மாற்றியது என்று எனக்குத் தெரியாது. அதை நடு ஸ்டாண்டிலிருந்து இறக்கவும் ஏற்றவும் முப்பத்தெட்டு கிலோ எடையுள்ள என்னால் முடியாது. அது நூற்றுத் தொண்ணூறு கிலோ.

விழுந்தால் இஞ்சின் தானாக நின்றுவிடும் என்று பெருமையாகச் சொல்வாயே, அது உண்மை. உடனே நின்றுவிட்டது. பக்கத்து இரும்புக் காப்பு டேங்கைக் காப்பாற்றும் என்பாய், அதுவும் உண்மை. நான் அம்மாவின் வெங்காயத் தாள் பாத்தியில் விழுந்தேன், அடி இல்லை. ஆனால் பிரேக் பிடி டேப்போடு ரெண்டாக ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

தூக்கிப் பார்த்தேன். முதுகைச் சீட்டுக்குக் கொடுத்து, குந்தி உட்கார்ந்து, காலால் பின்னால் நடந்து தூக்க வேண்டும் என்று நீ ஒரு வீடியோ காட்டினாய். அதில் வந்த பெண் என்னை விடச் சின்னவள். ஆனால் அவளுக்குக் கீழே சிமெண்டுத் தரை. எனக்கு வெங்காயப் பாத்தி. பின்னால் நடக்க நடக்க நான்தான் மண்ணுக்குள் இறங்கினேன். கொஞ்ச நேரம் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் திட்டினேன். வேன்காரர் ஹார்ன் அடித்துவிட்டார். என்ன செய்வது? படுத்துக் கிடந்த மோட்டாருக்கு மேலே உறையை விரித்து, நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு, காலில் சேற்றோடு ஓடினேன். தூரத்திலிருந்து பார்த்தால் மாடு படுத்திருப்பது போல இருந்தது. நம்மிடம் மாடு இல்லை என்பது வேனில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று கேட்காதே. ரெண்டரைக்கு அப்பா வீட்டுக்கு வருவார், பார்ப்பார். மூன்று மணிக்கு என்னைக் கூட்டிப் போக ஆபீசிலிருந்து ஆள் வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஏழு மணிக்கு வேனிலிருந்து இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு வாசல் வரை நடந்து, திறந்தேன்.

மோட்டார் நின்றுகொண்டிருந்தது.

நேராக. உறை போட்டு. கயிறு கட்டி. அந்த முடிச்சு நான் போடுகிற ஷூ முடிச்சு இல்லை, லோரித் தார்ப்பாய்க்குப் போடுகிற மாதிரி இழுத்துக் கட்டிய முடிச்சு. வெங்காயப் பாத்தியைக்கூட யாரோ கொத்திச் சரி செய்திருந்தார்கள். இவ்வளவு ஒழுங்கான திருடனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சாப்பிடும்போது அப்பா முகத்தைப் பார்க்கவே பயம். அவர் திங்கட்கிழமையிலிருந்து வலது கட்டைவிரலில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு கரண்டியால்தான் சாப்பிடுகிறார். லோரிக் கதவு நசுக்கிவிட்டதாம்.

"ஸ்கூல்ல எல்லாம் ஒழுங்கா?" என்றார்.

"ஒழுங்குப்பா."

"கீழ எதும் விழலையே?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "எதுப்பா?"

"பென்சில் கின்சில்."

"இல்லப்பா."

"விழுந்தா என்னா இப்ப. எடுத்து வெச்சுக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. உறைக்கு அடியில் பிடி ஒடிந்த மோட்டார் நிற்பது தெரியாமல் நிம்மதியாகக் கீரையைச் சாப்பிட்டார்.

இன்னும் கேள். மறுநாள் புதன்கிழமை, அஸ்லினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது மாமாவின் மகள், உனக்குத் தெரியும். "ஏய், உங்க அண்ணன் வந்துட்டாருன்னு சொல்லவே இல்ல?" என்றாள்.

"யாருடி சொன்னா?"

"வாப்பாதான். திங்கக்கெழம அந்தப் பெரிய மோட்டார் கடை முன்னால நின்னுச்சாம். அண்ணனோட கறுப்பு ஜாக்கெட்டு. ஹெல்மெட்ட கழட்டவே இல்லையாம். தே ஓ வாங்கிட்டு ஹெல்மெட்டோடயே குடிக்கப் பாத்தாராம். வாய்க்கு எட்டலையாம். அப்புறம் ஸ்ட்ரா கேட்டாராம். சுடச்சுட பாலில்லாத தேத்தண்ணிக்கு ஸ்ட்ரா! உங்க அண்ணனுக்குக் கடல்ல எதும் ஆயிருச்சா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

இன்று காலை உறையைத் தூக்கிப் பார்த்தால் புதுப் பிரேக் பிடி. பளபளவென்று. நடு ஸ்டாண்டில் கல்லுப் போல நிற்கிறது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. உன் ஜாக்கெட்டை உன்னைத் தவிர யார் போடுவார்கள்? உன் மோட்டாரை உன்னைத் தவிர யார் தூக்கி நிறுத்துவார்கள்? முகத்தை ஏன் மறைக்க வேண்டும்? நீ வந்திருக்கிறாய். மூன்று வாரமாக இந்த மலையில்தான் எங்கேயோ இருக்கிறாய். நான் ஸ்கூலில் இருக்கும் நேரம் பார்த்து வருகிறாய், மோட்டாருக்கு எண்ணெய் போடுகிறாய், காற்றுப் பார்க்கிறாய், என்னை மட்டும் பார்க்காமல் போகிறாய்.

நான் மேலே ஏறி உட்கார்வது தெரிந்துதானே? தெரிந்து, கோபம் வந்து, பேச வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாய். ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தால் தீபாவளிக்கு வந்து, என்னைப் பின்னால் ஏற்றி, குவா மூசாங் தாண்டிக் கடல் வரைக்கும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னாய். கீறல் விழுந்துவிட்டது. வலது பக்கப் பெட்டியில் ஒரு முழ நீளத்துக்கு இருக்கிறது, அதை யாராலும் புதிதாக மாற்ற முடியவில்லை போல. அதனால் கடல் வேண்டாம். பின்னால் ஏற்ற வேண்டாம். இனிமேல் ஏறி நிற்கமாட்டேன், சத்தியம். நீ மத்தியானமே வந்துகொள், நான் குறுக்கே வரமாட்டேன். தட்டில் சோறு கூடுதலாக மூடி வைக்கிறேன், அப்பா வருவதற்குள் சாப்பிட்டுவிடு. கோபம் தீர்ந்த பிறகு ஒரே ஒரு நாள் காலையில் வா. செவ்வாய் என்றால் நல்லது. வர முடியாவிட்டால், கோபமா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். முடித்துக்கொள்கிறேன். மீரியில் இருந்தாலும் சரி, கம்போங் ராஜாவில் ஒளிந்திருந்தாலும் சரி, மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, எல்லாச் சாமியும் துணையிருக்க நன்றாக இரு. ஈப்போவில் உள்ளவர்கள் சார்பிலும், ஒன்றும் தெரியாத அப்பாவின் சார்பிலும், மோட்டாரின் சார்பிலும் வணக்கம்.

இப்படிக்கு,
கீறலுக்குக் காரணமான தங்கை,
அன்பரசி

பி.கு: நாளைக்கு அஸ்லினா ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தைப்பிங் போகிறாள். திங்கட்கிழமைதான் அவளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்ல முடியும். அதுவரை இதை மோட்டாரின் வலது பக்க அலுமினியப் பெட்டியில் ஒளித்து வைக்கிறேன். அப்பா கை படாத ஒரே இடம் அதுதான்.

பி.கு. 2: மகேன், இது அப்பா எழுதுவது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். கேட்காமல் படித்தது தப்பு. பெட்டியில் துடைக்கிற துணி எடுக்கப் போனேன்.

பாப்பா எழுதியதில் பாதிக்கு மேல் சரியில்லை. வரிசையாகச் சொல்கிறேன். டயர் பஞ்சர் இல்லை. அந்தச் சைக்கிள் பம்பின் முள் நாலு குறைத்துக் காட்டுகிறது. அவள் ஏற்றியதை நான் லோரி மீட்டர் வைத்து இறக்கினேன். செயினுக்கு அவள் போட்டது தெரியாமல் நானும் போட்டேன். சிவப்பு சுவிட்சை நிறுத்தியது நான், பத்திரம் என்று நினைத்து. இன்னொரு சாவி சாமித் தட்டுக்குப் பின்னால் இருந்தது. பக்க ஸ்டாண்டு கீழே இருந்தால் கியர் போட்டதும் இஞ்சின் நின்றுவிடும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. முப்பது வருஷம் லோரி ஓட்டியவன் நான். நவமணியிடம் சொல்லாதே.

பெட்டியில் உள்ள கீறல் பாப்பா போட்டது இல்லை. அவள் விழுந்தது பாத்தியில், மண் எப்படிக் கீறும்? திங்கட்கிழமை கோலா தெர்லா வளைவில் கீரை லோரிக்கு ஒதுங்கும்போது நான் வலது பக்கம் விழுந்தேன். பெட்டியில் கீறல், பிரேக் பிடியில் வெடிப்பு, கட்டைவிரலில் அடி. வெடிப்புக்கு டேப் சுற்றினேன். விரல் வலியில் நடு ஸ்டாண்டில் ஏற்ற முடியவில்லை, பக்க ஸ்டாண்டில் விட்டேன். அதனால்தான் செவ்வாய் அவள் விழுந்தாள். தப்பு என்னுடையது. அன்று மத்தியானம் வலியைப் பொறுத்துக்கொண்டு அதைத் தூக்கி நடு ஸ்டாண்டில் நிறுத்தியதும் நான்தான். புதுப் பிடி ஈப்போவிலிருந்து வந்தது, சரியாகப் பொருந்துகிறது. ஆயில் மாற்றிவிட்டேன், ஃபில்டரும் மாற்றிவிட்டேன். மஞ்சள் ஸ்பேனர் படத்தை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை, அதை மட்டும் எழுது. உன் பெயரைத் தேடுகிறதே, அதை அணைக்க வேண்டாம்.

தொட்டால் கை அழுகட்டும் என்று சொன்னேன். அழுகவில்லை. ஒரு விரலோடு போயிற்று.

பாப்பா கடிதத்தைக் கிழிக்கவில்லை, ஒட்டி இன்றைக்கே நானே தபாலில் போடுகிறேன். அவள் பாடப் புத்தகத்துக்கு மேலே அலமாரியிலிருந்த போனையும், நல்ல பம்பையும், புது செயின் எண்ணெய் டின்னையும் வைத்திருக்கிறேன். அவளுக்குப் புரியும். இல்லாவிட்டால் ராத்திரி சோறு சாப்பிடும்போது சொல்கிறேன். டிவியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு வா. கம்போங் ராஜாவில் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி அங்கேயே நில், வேறு யார் வண்டியிலும் ஏறாதே. பதினைந்து தடவை போய்ப் பழகிவிட்டேன், எதிரே லோரி வராவிட்டால் இப்போது அந்த வளைவில் திரும்ப வருகிறது. நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். யானையில்தான் வருவேன். ஓட்டுவது நான், நீ பின்னால் உட்கார். சீட்டு எனக்கு உயரம், குறைக்க வழி இருந்தால் அதையும் எழுது.

சுகுமாரன்